தாடியஸ் ஸ்டீவன்ஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போர் கட்டுரையில் தாடியஸ் ஸ்டீவன்ஸை அடிமை ஒழிப்பின் நாயகன் என்று எழுதியிருந்தீர்கள். அவரே 1821-ல் ஓர் அடிமை முதலாளிக்காக வாதாடி ஜெயித்தவர். இது தெரியாதா, இல்லை மறைத்துவிட்டீர்களா?

கே.

அன்புள்ள கே.,

தெரியும். கட்டுரை நீண்டுவிட்டது என்று விட்டேன், அது சால்ஜாப்புதான்.

அந்த வழக்கு இது. பென்சில்வேனியா மாநிலத்தின் 1780-ம் வருடச் சட்டப்படி, வெளியிலிருந்து கூட்டிவந்த அடிமையை அங்கே ஆறு மாதம் வைத்திருந்தால் அவருக்கு விடுதலை. மேரிலாந்தைச் சேர்ந்த சாரிட்டி பட்லர், தான் அங்கே வந்துபோன நாட்களையெல்லாம் கூட்டினால் ஆறு மாதம் தாண்டுகிறது என்றார். கெட்டிஸ்பர்க்கில் வக்கீலாக இருந்த ஸ்டீவன்ஸ், அப்போது 29 வயது, அப்படிக் கூட்டக் கூடாது, ஒரே மூச்சில் ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும் என்று வாதாடினார். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சாரிட்டியும் இரண்டு பிள்ளைகளும் மறுபடி அடிமைகள். கெட்டிக்கார வாதம், அதனால்தான் படிக்கும்போது வயிற்றைப் புரட்டுகிறது.

அந்தக் குற்றவுணர்ச்சியில்தான் மனிதர் மாறினார் என்பதெல்லாம் சினிமாக் கதை, நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிறகு செய்தது கண்ணெதிரே இருக்கிறது. கறுப்பர்களின் ஓட்டுரிமையைப் பறித்த மாநில அரசியல் சட்டத்தில் 1838-ல் கையெழுத்துப் போட மறுத்தார். தப்பி வந்த அடிமைகளைப் பிடிக்க கிறிஸ்டியானா கிராமத்துக்கு வந்த முதலாளி அங்கே கொல்லப்பட, பிடிக்க உதவ மறுத்த காஸ்ட்னர் ஹான்வே மீது தேசத்துரோக வழக்குப் பாய்ந்தது. 1851-ல் அவருக்காக நின்ற வக்கீல்களில் ஸ்டீவன்ஸும் ஒருவர். ஜூரி கால் மணி நேரத்தில் விடுதலை செய்துவிட்டது. உள்நாட்டுப் போரில் 1863-ல், அடிமைமுறைக்காக நின்ற தெற்கு மாநிலங்களின் படை ஸ்டீவன்ஸின் இரும்பாலையைக் கொளுத்தியது. அப்புறம் காங்கிரஸ் உறுப்பினராக அவர் முன்னின்ற வேலைகள்: அடிமைமுறையை ஒழித்த 13-வது, எல்லோருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பு தந்த 14-வது அரசியல் சட்டத் திருத்தங்கள், ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மீதான பதவிநீக்க விசாரணை. அது செனட்டில் ஒரே ஓட்டில் தோற்ற 1868-ல் ஸ்டீவன்ஸால் நடக்கவே முடியாது, நாற்காலியில் வைத்துத்தான் அவைக்குத் தூக்கி வந்தார்கள்.

அதே வருடம் ஆகஸ்டில் இறந்தார். ஊரின் மற்ற கல்லறைகளில் நிறம் பார்ப்பார்கள் என்பதால், எல்லோரையும் புதைக்கும் ஒரு சின்ன இடத்தை லங்காஸ்டரில் தேர்ந்தெடுத்திருந்தார். காரணத்தையும் கல்லிலேயே வெட்டச் சொல்லியிருந்தார்.

இதெல்லாம் சாரிட்டி கணக்கில் வரவு வைக்க முடியாது, நீங்கள் கேட்டது சரி. கட்டுரையில் சாரிட்டியின் பெயரைச் சேர்த்துவிட்டேன், இரண்டாவது பத்தியிலேயே.