கிரீனிச் பூங்கா மேடு: ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம்

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக லண்டன் வந்து மூன்று வாரம் ஆகிறது. வயது 62. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். கோவை ரேஸ்கோர்ஸில் தினமும் முக்கால் மணி நேரம் நடப்பேன், ஒன்றும் ஆனதில்லை. இங்கே கிரீனிச் பூங்காவில் மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. வீட்டுக்கு வந்ததும் மூட்டு வலி. நடப்பதை நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா, வழியை மாற்றுங்கள். ரேஸ்கோர்ஸ் சமதளம். கிரீனிச்சிலோ கீழே குயின்ஸ் ஹவுஸ் பக்கத்திலிருந்து வானாய்வகம் வரை நேராக ஒரே ஏற்றம். தினமும் நடந்து பழகியவருக்கும் அங்கே மூச்சு வாங்கத்தான் செய்யும்.

மூட்டு வலிக்கு ஏறியது காரணமாக இருக்காது, இறங்கியதாகத்தான் இருக்கும். இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் தொடைத்தசை பிரேக் போடுகிறது. அந்த அழுத்தம் முழுக்க முழங்கால் சில்லுக்குப் பின்னால் போய் விழும். அதனால் ஏறிய வழியே இறங்காதீர்கள். மேலே வானாய்வகத்தை ஒட்டியிருக்கும் வூல்ஃப் சிலையருகே உட்கார்ந்து தேம்ஸையும் கேனரி வார்ஃப் கட்டடங்களையும் பாருங்கள். பிறகு பிளாக்ஹீத் வாசல் பக்கம் போங்கள், அது கிட்டத்தட்ட சமதளம். வெளியே 53ஆம் எண் பஸ் போகும். ஏப்ரல் பின்பாதி என்றால் ரேஞ்சர்ஸ் ஹவுஸ் அருகில் செர்ரி மரங்கள் பூத்துக் கிடக்கும். அதுவும் மேல்தளத்திலேயே இருப்பதால் முழங்காலுக்கு வேலையில்லை.

ஏறும்போது அடியைப் பாதியாகக் குறுக்குங்கள். மூச்சு முட்டிய பிறகு நிற்காமல், முட்டுவதற்கு முன்பே நில்லுங்கள். மகளிடம் ஒரு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்க முடிந்தால் வேகம் சரி. கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்பாதீர்கள். உங்கள் பிரஷர் மாத்திரை அட்டெனலால், மெட்டோப்ரோலால் வகை என்றால் துடிப்பு அவ்வளவாக ஏறாது. காலைக் குளிரில் மூக்கோடு சேர்த்து சால்வையைச் சுற்றிக்கொள்ளுங்கள். பதினோரு மணிக்கு மேல் போனால் இன்னும் நல்லது. கைப்பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். சில சர்க்கரை மாத்திரைகளோடு மேடும் ஏறினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

இனி சொல்வதை மகளையும் படிக்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இதயக் கோளாறு நெஞ்சுவலி இல்லாமல் வெறும் மூச்சிரைப்பாகவே வரலாம். நின்று ஐந்து நிமிடம் ஆகியும் மூச்சு அடங்கவில்லை, போன வாரம் சிலை வரை ஏறிய நீங்கள் இந்த வாரம் பாதியில் நிற்கிறீர்கள், சமதளத்திலேயே இரைக்கிறது, இதில் எது ஒன்று நடந்தாலும் மேட்டைக் காரணம் சொல்லாதீர்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள். அப்புறம், நீங்கள் நீண்ட நேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்தவர். இரண்டு கெண்டைக்கால்களும் வலித்தால் அது பெரும்பாலும் நடந்த வலி. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். தைலம் தேய்க்காமல் உடனே 111 என்ற மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள். அதோடு சேர்ந்தோ தனியாகவோ திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி எது இருந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 999.

செலவை நினைத்துத் தயங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பார்க்க வெளிநாட்டவருக்கும் கட்டணம் கிடையாது; வார்டில் சேர்த்தாலோ, பிறகு வெளிநோயாளியாக வரச் சொன்னாலோ பில் வரும். அதற்கு உங்கள் பயணக் காப்பீட்டுத் தாளை மகளிடம் கொடுத்து வையுங்கள்.