ஒன்பதாம் எண் சட்டைக்காரர்: வாசகர் கேள்வி – பதில்

“ஒரே ஒரு ஸ்டிரைக்கரை நம்பி உலகக் கோப்பைக்குக் கப்பல் ஏறக் கூடாது” என்று சென்ற இதழின் கால்பந்துப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். ஸ்டிரைக்கர் என்றால் கோல் அடிப்பதற்கென்றே முன்னால் நிற்பவர், வழக்கமாக ஒன்பதாம் எண் சட்டைக்காரர். அந்த ஒரு வரி பாலக்காட்டு எல்லையோர வாசகர்களைச் சீண்டிவிட்டது. பொள்ளாச்சியில் இதழை வாங்கி, கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டி, வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மறுப்பை எழுதி முடித்துவிடுகிற வாசகர்கள் அவர்கள். அவர்களில் ஐவருக்கு இம்முறை விடை சொல்கிறேன்.

கேள்வி: 1982இல் இத்தாலிக்குக் கோப்பையை வாங்கித் தந்தவர் பாவ்லோ ரோஸி ஒருவரே என்று என் நண்பர் சாதிக்கிறார். பதினொரு பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவர் எப்படிக் கோப்பை வாங்கித் தருவார் என்பது என் வாதம். மூன்று வாரமாகத் தேநீர்க் கடையில் இதே பேச்சுத்தான். தீர்ப்புச் சொல்லுங்கள்.
— கொழிஞ்சாம்பாறை வாசகர்

பதில்: தீர்ப்பு உங்கள் பக்கம்தான், ஆனால் உங்கள் நண்பர் தோற்றுவிட்டார் என்றும் சொல்ல மாட்டேன். ரோஸியின் கதையை முதலிலிருந்து பாருங்கள். சூதாட்ட விவகாரத்தில் சிக்கி இரண்டு ஆண்டுகள் தடையில் இருந்துவிட்டு, உலகக் கோப்பைக்கு ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு முன்புதான் மைதானத்துக்குத் திரும்பியிருந்தார். அந்தப் பருவத்தில் இத்தாலிய லீக்கில் அதிகக் கோல் அடித்த புரூட்ஸோவை வீட்டில் விட்டுவிட்டு இவரை ஸ்பெயினுக்கு அழைத்துச் சென்ற பயிற்சியாளர் பேர்ஸோட்டை இத்தாலியப் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. முதல் சுற்றின் மூன்று ஆட்டங்களும் சமனில் முடிந்தன. அதே பிரிவில் இருந்த கேமரூனும் மூன்றையும் சமன் செய்திருந்தது. இத்தாலி இரண்டு கோல் அடித்திருந்தது, கேமரூன் ஒன்று அடித்திருந்தது என்ற அந்த ஒரு கோல் வித்தியாசத்தில்தான் இத்தாலி அடுத்த சுற்றுக்குள் நுழைந்தது. அந்த இரண்டு கோல்களில் ரோஸியுடையது ஒன்றுகூட இல்லை. அர்ஜென்டினாவை வென்ற நான்காவது ஆட்டத்திலும் அவர் கோல் அடிக்கவில்லை.

பிறகு வந்தது ஜூலை 5, பார்சலோனாவில் பிரேசிலுடன் ஆட்டம். சமன் செய்தாலே பிரேசிலுக்கு அரையிறுதி. ஐந்தாவது நிமிடத்தில் கப்ரீனி இடப்பக்கத்திலிருந்து தூக்கிப் போட்ட பந்தைத் தலையால் முட்டி ரோஸி முதல் கோல் அடித்தார். பிரேசில் சமன் செய்தது. தன் பாதிக் களத்தில் பிரேசில் அசட்டையாகத் தட்டிவிட்ட ஒரு பந்தைப் பாய்ந்து பறித்து இரண்டாவதை அடித்தார். பிரேசில் மறுபடியும் சமன் செய்தது. 74ஆம் நிமிடத்தில், கார்னருக்குப் பிறகு தார்தெல்லி உதைத்த பந்தைத் திசைதிருப்பி மூன்றாவதையும் போட்டார். அதன்பின் அரையிறுதியில் போலந்துக்கு எதிராக இரண்டு, இறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக முதல் கோல் என்று மூன்றே ஆட்டங்களில் ஆறு கோல்கள்.

இவ்வளவும் உங்கள் நண்பரின் கட்சி. உங்கள் கட்சிக்கு நான் சேர்ப்பது இரண்டு. அந்தப் பிரேசில் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் பிரேசிலின் ஆஸ்கார் தலையால் முட்டிய பந்தைக் கோல் கோட்டின்மேல் விழுந்து பிடித்த இத்தாலியக் கோல் காவலர் ஸோஃபுக்கு அப்போது வயது 40. அவர் பிடிக்காமல் விட்டிருந்தால் ரோஸியின் ஹாட்ரிக், சமன் செய்தும் வெளியேறிய அணிக்காரரின் ஹாட்ரிக்காக ஏட்டில் கிடந்திருக்கும். இன்னொன்று, ரோஸி நான்கு ஆட்டங்கள் சும்மா திரிந்தபோது அணியைப் போட்டியில் வைத்திருந்தவர்கள் மற்ற பத்துப் பேர். நட்சத்திரத்துக்காகக் காத்திருக்க ஓர் அணிக்குத் தெம்பு வேண்டும். இத்தாலிக்கு அது இருந்தது. 1978இல் அர்ஜென்டினாவுக்கும் அப்படியே. கெம்பெஸ் முதல் சுற்றில் ஒரு கோலும் அடிக்கவில்லை. மீசையை மழித்த பிறகு ஆறு அடித்தார். மீசைக்கும் கோலுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கணக்கும் ஒன்று சொல்கிறேன். 1978 முதல் 2022 வரையிலான பன்னிரண்டு உலகக் கோப்பைகளில், அதிகக் கோல்களுக்கான தங்கக் காலணியை வாங்கியவரின் அணியே கோப்பையையும் வென்றது மூன்று முறைதான்: கெம்பெஸ், ரோஸி, 2002இல் பிரேசிலின் ரொனால்டோ. 1958இல் ஆறே ஆட்டங்களில் பதின்மூன்று கோல் அடித்த ஜுஸ்த் ஃபோன்டேனின் பிரான்சுக்கு மூன்றாமிடம். 1966இல் வட கொரியாவிடம் மூன்று கோல் பின்தங்கிய போர்ச்சுகலை, தாம் ஒருவரே நான்கு கோல் அடித்து மீட்ட யூசேபியோவுக்கும் மூன்றாமிடமே. ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடவும் கூடாது. 2010இல் கோப்பையை வென்ற ஸ்பெயின் ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து அடித்தது எட்டே கோல். அதில் ஐந்து டேவிட் வில்லாவினுடையவை. ஜெர்மனியின் முல்லரும் ஐந்து அடித்து, சகவீரர்கள் கோல் அடிக்க அதிகமாகத் துணைபுரிந்திருந்ததால் காலணி அவருக்குப் போய்விட்டது. வில்லாவைக் கழித்துவிட்டால் அந்த ஸ்பெயின் எங்கே நின்றிருக்கும்?

கேள்வி: கோலே அடிக்காத ஸ்டிரைக்கரைக் கடைசி வரை அணியில் வைத்திருப்பது எதற்கு? ஜிரூவைச் சொல்கிறேன்.
— சித்தூர் வாசகர்

பதில்: 2018இல் பிரான்சின் ஏழு ஆட்டங்களிலும் ஆடிய ஒலிவியே ஜிரூ கோல் அடிக்கவில்லை என்பது மட்டுமன்று, கோல் சட்டத்துக்குள் போகும்படி ஓர் உதைகூட உதைக்கவில்லை. ஆனாலும் அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்தை மறுபடி பார்க்கக் கிடைத்தால் பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக எம்பாப்பே, கிரீஸ்மான், டெம்பெலே என்று மூன்று வேகக்காரர்களை மட்டும் முன்னால் நிறுத்திய பிரான்சு, நிலையாக நிற்க ஒருவரும் இல்லாமல் தடுமாறியது. எழுபதாம் நிமிடத்தில் ஜிரூ இறங்கினார். போக்பா கொடுத்த பந்தைத் தாங்கி அவருக்கே திருப்பிக் கொடுத்தார். வெற்றிக்கான கோல் அதிலிருந்து பிறந்தது. அடுத்த ஆட்டம் முதல் இறுதி வரை பயிற்சியாளர் தெஷாம்ப் அவரைத் தொடக்க அணியிலிருந்து எடுக்கவில்லை.

அவர் செய்த வேலை எளிமையானது, வலி மிகுந்தது. எதிரணியின் இரண்டு நடுப் பின்கள வீரர்களுக்கு நடுவில் முதுகைக் காட்டி நின்று, மேலிருந்து வரும் பந்தை நெஞ்சில் வாங்கி, இடித்துத் தள்ளுபவர்களைத் தாங்கிக்கொண்டு பக்கவாட்டில் தட்டிவிட வேண்டும். அந்த இருவரும் இவரைக் காவல் காத்துக்கொண்டிருப்பதால், எம்பாப்பே ஓடுவதற்கு வழி திறந்து கிடக்கும். 1998இல் இதே பிரான்சுக்கு ஸ்டெஃபான் கிவார்ஷ் என்று ஒருவர் இருந்தார். பிரெஞ்சு லீக்கில் அந்தப் பருவத்தின் அதிகக் கோல்காரர். உலகக் கோப்பையில் கோல் ஒன்றுமில்லை. கழுத்தில் மட்டும் வெற்றிப் பதக்கம்.

கேள்வி: என் மகன் பள்ளி அணியில் இடப்பக்கம் ஆடுகிறான். பந்து கிடைத்தால் யோசிக்காமல் நடுவில் நிற்கும் ஒரு பையனுக்கே கொடுக்க வேண்டும் என்பது பயிற்சியாளரின் கட்டளை. அந்தப் பையன் நன்றாக ஆடுகிறான் என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும் இது சரியா?
— மீனாட்சிபுரம் வாசகி

பதில்: சரியில்லை, அம்மா. நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். அறுவடை முடிந்த வயலில் பாக்கு மரத்தைக் கட்டிக் கேலரி எழுப்பி நடத்தும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்கள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. அப்படிப்பட்ட ஓர் இரவு ஆட்டத்துக்கு, நம் பக்கத்து அணி ஒன்று மலப்புறத்திலிருந்து ஒரு ஸ்டிரைக்கரைப் பணம் கொடுத்து அழைத்து வந்திருந்தது. முதல் பத்து நிமிடத்தில் அவர் ஒரு கோல் அடித்தார், கேலரி அதிர்ந்தது. அதன் பிறகு நம் பையன்கள் கோலைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். இடப்பக்கத்துப் பையன் ஒருவன், கோல் காவலரைத் தவிர வேறு யாரும் இல்லாத இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில் கோல் இருக்க, பந்தை நிறுத்தித் தலையைத் தூக்கி அவர் எங்கே என்று தேடினான். அவர் பின்னால் மூன்று பேர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். “அடிக்கெடா!” என்று அவரே மலையாளத்தில் கத்தினார். பையன் அவருக்கே கொடுத்தான். பந்து போய்விட்டது. வாங்கிய பணத்துக்கு உழைக்க வந்தவர் உழைத்தார். தங்கள் ஊர்ப் பெயரில் ஆடியவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டுக்கு ஒன்றாகத் தோற்றார்கள்.

தேசிய அணிகளுக்கும் இந்த வியாதி வருவதுண்டு. 2018 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பத்து ஆட்டங்களில் பதினாறு கோல் அடித்தவர் போலந்தின் லெவன்டோவ்ஸ்கி. தகுதிச் சுற்றில் சின்ன அணிகளும் வரும், ஆட்டங்களுக்கு நடுவில் மாதக்கணக்கில் ஓய்வும் கிடைக்கும். உலகக் கோப்பையில் எதிரணியின் பயிற்சியாளர் வாரக்கணக்கில் உட்கார்ந்து அந்த ஒருவரை மட்டும் படித்துவிட்டு வருகிறார். செனகலும் கொலம்பியாவும் அவருக்குப் பந்து வரும் வழியையே அடைத்தன. மூன்று ஆட்டங்களில் அவருக்குக் கோல் இல்லை, போலந்து பிரிவில் கடைசியாக வந்து வீடு திரும்பியது. மறுபுறம், 2022இல் போர்ச்சுகல் தன் ரொனால்டோவை வெளியே உட்கார வைத்தது. அவருடைய இடத்தில் இறங்கிய கொன்சாலோ ராமோஸ் ஹாட்ரிக் அடித்தார்; சுவிட்சர்லாந்துக்கு எதிராக ஆறுக்கு ஒன்று. அடடா, விடுதலை என்று எல்லாரும் எழுதினார்கள், நானும் எழுதினேன். அடுத்த ஆட்டத்திலேயே மொராக்கோவிடம் ஒரு கோலும் அடிக்க முடியாமல் தோற்றார்கள்.

பயிற்சியாளரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நடுவில் நிற்கும் பையனுக்குக் கொடுப்பதுபோலப் பாவனை காட்டிவிட்டு, தானே உதைத்துப் பார்க்கும்படி மகனிடம் சொல்லுங்கள். இரண்டாம் முறை அவன் பக்கமும் ஒரு காவல்காரர் வருவார். அப்போது நடுவில் நிற்கும் பையனுக்கும் இடம் கிடைக்கும். கோல் விழுந்தால் பயிற்சியாளர் எதுவும் கேட்க மாட்டார்.

கேள்வி: மெஸ்ஸியா, ரொனால்டோவா?
— வாளையாறு வாசகர்

பதில்: 2022இல் கோழிக்கோட்டுப் புள்ளாவூரில் ஆற்றுக்குள் மெஸ்ஸிக்கு முதலில் கட்-அவுட் வைத்தார்கள், நெய்மாருக்கு அதைவிட உயரமாக ஒன்று வந்தது, ரொனால்டோவுக்கு அதையும் விட உயரமாக. அந்த ஆண்டுக் கோப்பை குட்டையான கட்-அவுட்காரருக்குப் போனது. ஆனால் ஒன்று: சவூதி அரேபியாவிடம் முதல் ஆட்டத்தில் தோற்ற அர்ஜென்டினா, லௌதாரோ மார்ட்டினேஸுக்குப் பதிலாக ஹூலியன் ஆல்வாரெஸை ஸ்டிரைக்கராக இறக்கிய பிறகே ஓட்டம் பிடித்தது. அவர் எதிரணியின் பின்களத்தை விரட்டி விரட்டி ஓடினார்; மெஸ்ஸி நடந்தார். ஆல்வாரெஸுக்கும் நான்கு கோல்கள் கிடைத்தன. அவருக்கு எந்த ஆற்றிலும் கட்-அவுட் பார்த்ததாக நினைவில்லை.

கேள்வி: சேத்ரிக்குப் பிறகு இந்தியாவுக்கு யார்?
— பாலக்காட்டு வாசகர்

பதில்: சேத்ரி இருந்தபோதே யார் என்பதுதான் கேள்வி. 2008 ஆசியச் சேலஞ்ச் கோப்பை இறுதியில் தஜிகிஸ்தானுக்கு எதிராக அவர் அடித்த ஹாட்ரிக்தான் 2011 ஆசியக் கோப்பையின் கதவைத் திறந்தது. அதற்கு முன் நாம் அங்கே ஆடியது 1984இல். நம் திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றுக்கொண்டிருந்து நாட்டின் தலைசிறந்த முன்கள வீரராக உயர்ந்த ஐ.எம். விஜயன், அந்த இடைவெளிக்குள் அகப்பட்டு ஆசியக் கோப்பையில் ஆடாமலே ஓய்வு பெற்றார். 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்துக்கு எதிராகச் சேத்ரி இரண்டு அடித்தார், நான்குக்கு ஒன்று என வென்றோம். அடுத்த இரண்டு ஆட்டங்களில் அணிக்கே கோல் இல்லை. பஹ்ரைனுடன் சமன் செய்திருந்தாலே அடுத்த சுற்று. தொண்ணூறு நிமிடம் முடிந்து சேர்த்த காயநேரத்தில் கொடுத்த ஒரு பெனால்டியால் தோற்றோம். 2023 பதிப்புக்காக 2024 ஜனவரியில் கத்தாருக்குப் போனபோது மூன்று தோல்வி, கோல் பூஜ்யம். உள்ளூர் லீக்கில் நடு ஸ்டிரைக்கர் இடத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டவருக்கே கொடுத்துவிட்டு, நம் பையன்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டால், தேசிய அணிக்கு நடுவில் நிற்க யார் வருவார்கள்?

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்து இந்தியாவை அரையிறுதிக்கு ஏற்றிய நெவில் டி’சௌசாவைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது 1962 ஜகார்த்தா. பின்கள வீரரான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. பயிற்சியாளர் ரஹீம் அவரை முன்னால் தூக்கிப் போட்டு ஸ்டிரைக்கராக ஆக்கினார். அரையிறுதியில் ஒன்று, தென் கொரியாவுக்கு எதிரான இறுதியில் ஒன்று அடித்தார். ஆசிய விளையாட்டுப் போட்டித் தங்கம் நமக்கு. ஸ்டிரைக்கர் இல்லாவிட்டால் ஒருவரைச் செய்துகொள்ளலாம் என்று நினைத்த பயிற்சியாளர் நமக்கும் இருந்திருக்கிறார்.

பக்கம் முடியப்போகிறது. நட்சத்திரம் காயம்பட்டால் அணி என்ன செய்யும் என்று இதே பாலக்காட்டு வாசகர் கடிதத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதியிருக்கிறார். இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. 1962இல் பெலே இரண்டாவது ஆட்டத்திலேயே காயமுற்றார். அமரில்டோவும் கரிஞ்சாவும் பாரத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள், பிரேசில் கோப்பையோடு திரும்பியது. 1966இல் இங்கிலாந்தின் கிரீவ்ஸுக்குக் காலில் தையல் போட்டதால் உள்ளே வந்த ஹர்ஸ்ட், இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். 2014இல் கால் இறுதியில் நெய்மாரின் முதுகெலும்பு முறிந்தது. நான்கு நாள் கழித்துப் பெலோ ஹொரிசோன்டேயில் ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில், தேசிய கீதம் பாடும்போது பிரேசில் வீரர்கள் நெய்மாரின் பத்தாம் எண் சட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக் காட்டிக் கண் கலங்கினார்கள். 29ஆம் நிமிடத்துக்குள் ஐந்து கோல் வாங்கியிருந்தார்கள், மொத்தம் ஏழு. பின்களத்தை நடத்திய அணித் தலைவர் தியாகோ சில்வாவும் தடை காரணமாக அன்று களத்தில் இல்லை. அவருடைய சட்டையை யாரும் தூக்கிப் பிடிக்கவில்லை.