தமிழிலும் ஓர் எழுத்து ஓர் ஒலியசைதானே, அமெரிக்கப் பழங்குடி மொழியான செரோக்கியின் எழுத்தை மட்டும் ஏன் அசையெழுத்து என்கிறார்கள்?

வேறுபாடு எழுத்தின் வடிவத்துக்குள் இருக்கிறது. நம்முடைய 'கா'வைப் பாருங்கள். 'க' தனியாகத் தெரியும், பக்கத்தில் துணைக்கால் தெரியும். மேலே புள்ளி வைத்தால் உயிர் போய் வெறும் 'க்' நிற்கும். செரோக்கியில் இப்படிப் பிரிக்க வழியே இல்லை. 'கோ'வுக்கு ஆங்கில 'ஏ' மாதிரி ஒரு உரு, 'கு'வுக்கு 'ஜே' மாதிரி, 'கி'க்கு 'ஒய்' மாதிரி. மூன்றுக்கும் பொதுவான 'க்' எங்கும் கிடையாது. ஜப்பானிய எழுத்து வகையான ஹிரகானாவும் பெரும்பாலும் இதே வகைதான்.

செரோக்கி எழுத்தை உருவாக்கிய செக்வோயா வெள்ளி வேலை செய்தவர். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அதனால்தான் ஆங்கில உருக்களை எடுத்துக்கொண்டும் அவற்றின் ஒலியை விட்டுவிட்டார். முதலில் சொல்லுக்கு ஒரு குறி என்று முயன்றார். குறிகள் பெருகிக்கொண்டே போயின. அப்புறம் தன் மொழியைக் காதால் கேட்டுக் கேட்டு, திரும்பத் திரும்ப வருகிற அசைகளைப் பிரித்தெடுத்தார். 1821 வாக்கில் எல்லாம் 86 எழுத்துகளில் அடங்கிவிட்டது. இன்று புழக்கத்தில் இருப்பவை 85. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் தனியாக உட்கார்ந்து ஒரு மொழியின் ஒலியமைப்பையே கண்டுபிடித்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

முதலில் கற்றுக்கொண்டவர் அவருடைய மகள் அயோகா. பிறகு மக்களிடையே வேகமாகப் பரவியது. 1828 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து நியூ எகோட்டாவிலிருந்து 'செரோக்கி பீனிக்ஸ்' என்ற செய்தித்தாள் செரோக்கி, ஆங்கிலம் இரு மொழிகளிலும் வரத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில் அமெரிக்க அரசு அந்த மக்களை மண்ணைவிட்டு மேற்கே விரட்டியது, வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். எழுத்து பிழைத்தது. வட கரோலினாவில் தங்கிவிட்ட செரோக்கி வைத்தியர்கள் மந்திரங்களையும் மருந்துகளையும் அதில்தான் எழுதி வைத்திருந்தார்கள்.

சரி, தமிழுக்கு இந்த முறை சரிப்படுமா? சரிப்படாது என்றே நினைக்கிறேன். செரோக்கியில் அசைகள் பெரும்பாலும் உயிரொலியில் முடியும், 85 உருக்களே போதும். நமக்கு உயிர்மெய் மட்டுமே 216. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் அத்தனை உருக்கள் இருந்தால் குழந்தைகள் என்ன செய்வார்கள்? தவிர, 'பாட்டு', 'கண்' என்று மெய்யைத் தனியே நிறுத்தப் புள்ளி இல்லாமல் நமக்கு நடக்காது.

செரோக்கி 1999இலேயே யூனிகோடில் சேர்ந்துவிட்டது. ஐபோன் வைத்திருந்தால் அமைப்புகளில் செரோக்கி விசைப்பலகையைச் சேர்த்துத் தட்டிப் பாருங்கள், 'க்' என்று தனியாக ஒரு விசை இருக்காது.