ஐப்பசியில் பாப்பா, ஜூனில் டைம்டேபிள்

அக்கா, வணக்கம். பெரியவளுக்கு ஜூனில் ஆறு வயது முடிகிறது, சின்னவனுக்கு நாலு, ஐப்பசியில் மூன்றாவது. இந்த வருடம் இரண்டு பேருக்கும் வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பது என்று நானும் அவரும் முடிவு செய்துவிட்டோம். ஜூன் முதல் ஏப்ரல் வரை டைம்டேபிள் போட உட்கார்ந்தேன். தமிழ், ஆங்கிலம், கணக்கு, ஓவியம், கைவேலை என்று காலை 9 முதல் 3 வரை நிரம்பிவிட்டது. பிரசவத்தோடு எல்லாம் நின்றுவிடுமோ என்று பயம். மாமியார் வேறு, "நாளைக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள்?" என்கிறார். என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த 9 முதல் 3-ஐ அடித்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிகளுக்கே கல்வி உரிமைச் சட்டம் வைத்திருக்கும் கணக்கு வருடத்துக்கு 200 நாள், 800 மணி நேரம்தான். அதாவது நாளுக்கு நாலு மணி, அதுவும் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, "டீச்சர், இவன் கிள்றான்" எல்லாம் சேர்த்து. பக்கத்தில் ஒரே பிள்ளையை உட்கார வைத்திருக்கிற உங்களுக்கு ஒரு மணி நேரம் தாராளம். சின்னவனுக்கு டைம்டேபிளே வேண்டாம், அக்கா பக்கத்தில் காகிதத்தைக் கிழித்துக்கொண்டே பாதியைப் பிடித்துவிடுவான்.

நானும் ஒரு காலத்தில் சார்ட் அட்டையில் நாலு கலர் ஸ்கெட்ச்சில் போட்டவள்தான். இரண்டாவது பெண் பிறந்த மூன்றாம் வாரம், ஃபேன் காற்று முகத்தில் அடிக்காமல் இருக்க அந்த அட்டையை மடித்துத் தொட்டிலுக்கு மறைப்பாகக் கட்டினேன். அந்த வருடம் அது செய்த ஒரே வேலை.

அதனால் ஜூனிலிருந்து எண்ணாமல் பிரசவத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். உடம்பில் தெம்பு இருக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில், நீங்கள் பக்கத்திலேயே இருந்தால்தான் நடக்கும் வேலையை வையுங்கள். அது தமிழ் வாசிப்பு. 247 எழுத்து என்றதும் மலைப்பாக இருக்கும். ஆனால் உயிர் 12, மெய் 18 வந்து, கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு பிடிபட்டால் பெரும்பாலானது தானாக வரும். உகர, ஊகார வரிசைதான் அடம்பிடிக்கும், கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, மு வேறு மாதிரி. அதற்கு மட்டும் தனியாக இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அரசுப் பாடப்புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, காசு கொடுத்து எதையும் வாங்கிக் குவிக்க வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் வெறுமனே விடுங்கள். பல்லாங்குழி ஒன்று போதும். குழிக்கு ஐந்து வீதம் 14 குழிக்கு 70 புளியங்கொட்டை. நான் படுத்தபடி பார்த்துக்கொண்டிருக்க, என் மகன் ஒரு நாள் எல்லாக் குழியையும் நிரப்பிவந்தான், கடைசிக் குழிக்கு நாலுதான் வந்தது. "அப்போ ஒண்ணு காணோம்" என்று சொல்லி எழுந்து பாயைத் தூக்கிப் பார்த்தான். கழித்தல் என்ற வார்த்தையை நான் அதுவரை சொன்னதே இல்லை. (சித்திரையில் பாப்பா தவழப் பார்க்கும், கிடைத்தது எல்லாம் வாய்க்குப் போகும். அதற்குள் கொட்டைகளைப் பரணில் ஏற்றிவிடுங்கள்.)

தையில் கணக்கையும் ஆங்கிலத்தையும் மெதுவாக எடுக்கலாம். விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள், விட்டதைப் பிடிக்க ஓட வேண்டாம்.

மாமியார் கேட்பது நியாயமான கேள்வி. வீட்டுக்கல்வி கூடும் என்றோ கூடாது என்றோ சட்டம் நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் ஆறு வயதுக்கு மேல் பள்ளியில் சேராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது, ஆகவே சரிப்படாவிட்டால் திரும்ப வழி இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான படிப்புகள் உண்டு, 14 வயது முடிந்தால் பத்தாவதுக்கும் சேரலாம். இதை அவருக்கு நிதானமாகச் சொல்லுங்கள், ஐப்பசியில் பத்தியச் சாப்பாடு அவர் கையால்தானே!

அப்புறம் ஒன்று. "நானும் அவரும் முடிவு செய்துவிட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் டைம்டேபிளில் அவரைக் காணோம். ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி கதை வாசிப்பது அவர் என்று எழுதி, அவரிடமே காட்டுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.