வாய்க்குத்தான் பூட்டு, காதுக்கு இல்ல

கேள்வி: அப்பாவுக்கு 74 வயசு. ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறது, பில் கட்றது, மாத்திரை எடுத்துக் குடுக்கறது எல்லாம் நான்தான். ஆனா ஸ்கேன் ரிசல்ட் என்னன்னு டாக்டரைத் தனியா கேட்டா "அப்பாவையே கேளுங்க"ன்னுட்டார். அப்பாவோ "ஒண்ணுமில்ல, போ"ங்கறார். பெத்த பொண்ணுக்கு இதுகூட தெரியக்கூடாதா?

பதில்: கோவம் வர்றது சகஜம்தாம்மா, ஆனா அந்த டாக்டர் செஞ்சது சரி. அப்பா புத்தி தெளிவா இருக்கற வரைக்கும் அந்த ரிசல்ட் அவரோடது, பில் யார் கட்டினாலும். நோயாளிகளோட உரிமைகளைப் பத்தி உலக மருத்துவ சங்கம் 1981ல கொண்டுவந்து, பின்னாடி திருத்தின லிஸ்பன் பிரகடனத்துலயே இருக்கு, தன் சார்பா யார்கிட்ட விவரம் சொல்லணும்னு நோயாளிதான் முடிவு பண்ணணும், யாருக்கும் வேணாம்னாலும் சரி. நினைவில்லாம, குழப்பமா கிடந்தா மட்டும் கதை வேற, அப்ப முடிவெடுக்கத் தேவையான அளவுக்கு நெருங்கினவங்ககிட்ட பேசித்தான் ஆகணும்.

ஒண்ணு கவனிச்சீங்களா, டாக்டர் உங்ககிட்ட சொல்லக்கூடாதே தவிர, நீங்க சொல்றதைக் கேக்கக்கூடாதுன்னு எங்கயும் இல்ல. ராத்திரி ரெண்டு தடவை தடுமாறினார், மாத்திரையை பாதி நாள் முழுங்கறதே இல்ல, சாப்பாடு குறைஞ்சு போச்சுன்னு நீங்க பாத்ததை எழுதிக் குடுங்க, டாக்டரா எனக்கெல்லாம் அப்படி வர்ற ஒரு துண்டுச் சீட்டு பல டெஸ்டை விட உதவியா இருந்திருக்கு. ஆனா "உங்க பொண்ணு சொன்னாங்க"ன்னு அப்பா காதுல விழலாம், அதுக்கும் ரெடியா இருங்க.

அப்புறம் வீட்ல "ரிசல்ட் என்ன, ரிசல்ட் என்ன"ன்னு துளைக்காதீங்க. பெரியவங்க மறைக்கறது பாதி நேரம் நோய்க்கு பயந்து இல்ல, தெரிஞ்சா நம்மளை மூலைல உக்கார வெச்சுடுவாங்கன்னுதான். "அடுத்த தடவை நானும் உள்ள வரட்டுமா?"ன்னு மட்டும் கேளுங்க. தலையாட்டினா டாக்டர் முன்னாடியே சொல்ல வெச்சு ஃபைல்ல குறிக்கச் சொல்லுங்க. ஆபரேஷன் தேதி சொல்லலாம், மத்தது வேணாம்னு பாதிக்கு மட்டும் சம்மதிச்சா அதுவும் செல்லும்.

கேள்வி: மார்பகப் புற்றுநோய் வந்த அக்கா ஜீன் டெஸ்ட் எடுத்திருக்கா, ரிசல்ட் சொல்ல மாட்டேங்கறா. எனக்கும் வருமா?

பதில்: மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டற பிஆர்சிஏ மாதிரி ஜீன்ல கோளாறு, அதுவும் அப்பா அம்மா வழியா வந்ததுன்னா, உங்களுக்கும் இருக்க 50 சதவீத வாய்ப்பு. இருந்தாலே நோய் வந்துடும்னு இல்ல. அக்கா பேப்பர் இல்லாமலே ஜெனடிக் கவுன்சலரை, அதாவது பரம்பரை நோய் பத்தி ஆலோசனை சொல்றவரைப் பாத்து குடும்ப விவரம் சொல்லி நீங்களே டெஸ்ட் எடுக்கலாம். ஆனா அக்காவுக்கு ஜீன்ல எந்த இடத்துல கோளாறுன்னு தெரிஞ்சா அதை மட்டும் தேடிப் பாக்கலாம், பதிலும் தெளிவா வரும். அதனால அக்காகிட்ட நோயைப் பத்தி எதுவும் கேக்காதீங்க, ரிப்போர்ட்ல ஜீன் பேரும் கோளாறு இருக்கற இடமும் போட்டிருக்கற அந்த ஒரு வரியை மட்டும் கேளுங்க.