பாதியில் நின்ற ரேந்தை

அன்புள்ள ஐயா,

வணக்கம். எங்கள் ஆச்சி கடந்த ஆண்டு 86ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். பிறந்தது இடையன்குடி, வாழ்க்கைப்பட்டது பாளையங்கோட்டை. ஆறு பிள்ளைகள், பதினான்கு பேரப்பிள்ளைகள். அடுத்த மாதம் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. அன்று கொடுப்பதற்கு ஒரு சிறு மலர் அச்சிடுகிறோம். “நீதான் எழுத வேண்டும்” என்று அப்பா சொல்லிவிட்டார்கள்.

மூன்று வாரமாக எழுதுகிறேன். பக்தியுள்ள தாய், ஜெப வீராங்கனை, விசுவாசத்தில் உறுதியானவர், குணசாலியான ஸ்திரீ. எழுதியதைப் படித்துப் பார்த்தால் எங்கள் சபையில் இறந்த எந்த ஆச்சிக்கும் அது பொருந்துகிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. கல்லூரிக்குப் போன பிறகு நான் கோயிலுக்குப் போவதில்லை. எனக்கே இல்லாத நம்பிக்கையைப் பற்றி நான் எழுதினால் அது பொய்யாகிவிடாதா?

தகவல் தேடி ஆச்சியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பழைய பைபிள், இரண்டு சேலை, பாதியில் நின்ற ரேந்தையோடு (லேஸ் பின்னல்) ஊசி குத்திய ஒரு பின்னல் தலையணை, அவ்வளவுதான். ஊசியெல்லாம் துருப்பிடித்துவிட்டது, தூக்கிப் போட்டுவிடலாம் என்கிறார்கள் அப்பா. என்ன எழுதுவது என்று வழி சொல்லுங்கள்.

எஸ்., பாளையங்கோட்டை

*

அன்புள்ள எஸ்.,

நீங்கள் அடுக்கியிருக்கும் பட்டங்களில் ஒன்றுகூட என் மனத்தில் ஒட்டவில்லை. கடைசியில் போகிற போக்கில் ரேந்தை என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் ஆச்சி என் கண்ணுக்குத் தெரிந்தார்கள். அங்கிருந்தே தொடங்குங்கள்.

இடையன்குடிப் பெண் ஒருவரின் பெட்டியில் ரேந்தை இருக்கிறதென்றால் அது சும்மா வந்ததில்லை. மிஷனெரி கால்டுவெல் இடையன்குடியின் செம்மண் தேரிக்கு வந்தது 1841இல். 1844இல் எலிசாவை மணந்துகொண்டார். எலிசா நாகர்கோவிலில் மிஷனெரிகளாக இருந்த மால்ட் தம்பதியரின் மகள்; தமிழ் கேட்டு வளர்ந்தவர். அம்மா மார்த்தா மால்ட் நாகர்கோவில் பெண் பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தவர். ரேந்தை விற்ற காசைக் கொடுத்து அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் அங்கே இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள், அந்தக் காசின் கனம் தெரியும். அம்மாவிடம் கற்ற அந்தக் கைவேலையை மகள் இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். கால்டுவெல்லுக்கு மெரினாவில் சிலை இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். எலிசா கொண்டுவந்தது ஊர்ப் பெண்களின் விரல்களில் தங்கியது. அந்த விரல்களின் வரிசையில் உங்கள் ஆச்சியும் ஒருவர். இதை மலரில் எழுதாமல் வேறு எதை எழுதுவீர்கள்?

ஆச்சி எப்போது பின்னுவார்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகா, விளக்கு வைத்த பிறகா? ரேந்தை நூல் சுற்றிய கட்டைகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? யாருக்காகப் பின்னினார்கள்? காசு வந்தபோது அது எந்தப் பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகப் போனது? உங்கள் அத்தைமாரிடம் கேளுங்கள். அப்பாவைவிட அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் ஆச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். மெஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிக்காட்டு ஊர். உழக்கால் அரிசியை அளந்து சுளகில் கொட்டியதும், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருக்கும் தகர டப்பாவில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது பிடியரிசிக் காணிக்கையாகக் கோயிலுக்குப் போகும். தாத்தா பனையேறியவர். பனை ஓய்ந்த மாதங்களில் ஒரு உழக்கு அரை உழக்காகும். அப்போது ஆச்சி விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு சின்னப் பிடியாக அள்ளுவார்கள். டப்பாவுக்குள் அரிசி விழும் சத்தம் மட்டும் ஒரு நாளும் நின்றதில்லை. 1903இல், பின்னாளில் பேராயரான அசரியாவும் மற்றவர்களும் சேர்ந்து திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு தேசத்து தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். மொழி தெரியாத, கண்ணால் பார்க்காத ஊருக்குக் கொடுக்கும் பழக்கம் எங்கள் பக்கத்து வீடுகளில் அப்படித்தான் ஊறியது. ஆச்சி திருச்சியைத் தாண்டிப் போனதில்லை.

விடியற்காலை நான்கு மணிக்குப் பாயில் முழங்கால் போடுவார்கள். 1871இல் முழுமையாக வெளிவந்த, பழைய திருப்புதல் என்று சொல்லும் பைபிள் மொழிபெயர்ப்பின் தமிழ்தான் அவர்களுடைய ஜெபத் தமிழ். ஸ்தோத்திரம் சொல்லி முடித்ததும் பேரப்பிள்ளைகளின் பெயர்களைப் பிறந்த வரிசையில் சொல்வார்கள். நான் ஏழாவது. இருட்டில் போர்வைக்குள் கிடந்தபடி என் பெயர் வரும்வரை எண்ணிக்கொண்டிருப்பேன். நான்காவது பெயர் மூன்று வயதில் காய்ச்சலில் இறந்துபோன என் அத்தை மகளுடையது. அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு ஆச்சி சற்று நிற்பார்கள். பிறகுதான் ஐந்தாவது பெயர் வரும். இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் எங்கள் சபையில் கிடையாது. உபதேசம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்த ஆச்சிக்கு அது தெரியாததல்ல. தெரிந்தேதான் சொன்னார்கள்.

ஆச்சியின் அடக்க ஆராதனையில் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தது நான். நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தில் தொடங்கி, நீங்கள் எழுதிய அதே பட்டங்களை வாசித்தேன். கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “எல்லாம் வாசித்தாய். என் பிள்ளையின் பெயரை அம்மா நாற்பது வருஷம் விடாமல் சொன்னார்களே, அதை ஏன் விட்டுவிட்டாய்?” என்று கேட்டார்கள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தையும் இப்போது இல்லை. அன்று விட்டதை இன்று உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆகவே நம்பிக்கை இல்லாமல் எழுதலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஆச்சி ஜெபித்ததை நீங்கள் கேட்டிருந்தால், கேட்டதை எழுதுங்கள். கேட்டது பொய்யாகாது. உங்களுக்காக ஒருவர் தினமும் முழங்காலில் நின்றார் என்று சொல்ல, நீங்கள் கோயிலுக்குப் போகிறவராக இருக்க வேண்டியதில்லை. கோயிலுக்குப் போவதில்லை என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். ஆச்சிக்கு அது தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் உங்கள் பெயரைச் சொன்னார்களா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பைபிளின் முன்பக்க வெற்றுத்தாள்களைப் பார்த்தீர்களா? எங்கள் பக்கத்து வீடுகளில் பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம், இறப்பு எல்லாம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். எந்த அதிகாரத்தின் ஓரம் விரல் பட்டுக் கறுத்திருக்கிறது என்றும் பாருங்கள். குருத்தோலை ஞாயிறன்று முடைந்த ஓலைச் சிலுவை ஏதாவது பக்கத்தில் காய்ந்து கிடக்கலாம். அந்தப் பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டங்களை அடித்துவிட்டு, இவற்றை எழுதினால் நான்கு பக்கம் தாராளமாக வரும்.

அட்டைக்கு அந்த ரேந்தைத் தலையணையையே படம் எடுத்துப் போடுங்கள். துருப்பிடித்திருந்தாலும் ஊசிகள் ஆச்சி குத்திய இடத்தில்தான் இருக்கின்றன. ஒன்றைக்கூடப் பிடுங்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

அன்புடன்