டப்பா தேடப் புறப்படுகிறவர்களுக்கு: ஜியோகேஷிங் கேள்வி பதில்

கனடாவில், டொரொண்டோவின் ஸ்காபரோவில் இருந்துகொண்டு பத்து வருடத்துக்கு மேலாக ஜியோகேஷிங் செய்து வருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதியிருக்கிறேன்.

மார்க்கம் நகரிலிருந்து ஒருவர்: இது என்ன விளையாட்டு? கேஷ் என்றால் காசா?

காசு இல்லை. ஒளித்து வைக்கும் இடத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். நாம் ஜிபிஎஸ் வைத்துத் தேடிப் போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரும் திகதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே எடுத்த மாதிரியே திருப்பி வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

இது பிறந்த நாளைச் சரியாகச் சொல்லலாம். அமெரிக்க அரசு 2000 மே 2 வரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையை வேண்டுமென்றே கெடுத்து அனுப்பியது. 100 மீட்டர் வரை பிழை காட்டும். அந்தத் தடையை எடுத்த மறுநாளே, மே 3ஆம் திகதி, டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியை வைத்துவிட்டு இடத்தை இணையக் குழுவில் எழுதினார். வாளிக்குள் புத்தகம், மென்பொருள், ஒரு கவண், ஒரு பயற்றங்காய் விதை டின் எல்லாம் இருந்தன. சில நாள்களுக்குள் மைக் டீக் அதைக் கண்டுபிடித்தார். ஜியோகேஷிங் என்ற பெயரைச் சொன்னவர் மாட் ஸ்டம். அதே வருடம் செப்டெம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென்று geocaching.com என்ற இணையதளத்தைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கு மேற்பட்ட டப்பாக்கள் இருக்கின்றன.

ஸ்காபரோ, கல்லூரி மாணவர்: தனியாக ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டுமா? என் போனில் திசை காட்டும் அம்பு கிறுகிறு என்று சுற்றுகிறது அண்ணா.

தொடக்கத்துக்குப் போன் போதும் தம்பி. கருவி வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். வாங்கினால் ஒரு நல்ல சப்பாத்து வாங்குங்கள்.

அம்பு சுற்றுவது போனின் பழுது இல்லை. திறந்த வானத்தின் கீழேயே போனுக்கு 3 முதல் 5 மீட்டர் பிழை இருக்கும், மரங்களுக்கு அடியில் இன்னும் கூடும். டப்பாவை ஒளித்தவரின் கருவியிலும் அதே பிழை இருந்திருக்கும். நீங்கள் நான்கு மீட்டர் தூரத்தில் நிற்கும்போது அம்பைக் கேட்டால் அது எதைக் காட்டும்? பத்து மீட்டருக்குள் வந்ததும் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். இதுதான் புதியவர்கள் கேட்க மறுக்கும் விஷயம்.

நான் முதலில் தேடியது ஹைலண்ட் கிரீக் ஓடைப் பக்கம். போனையே பார்த்துக்கொண்டு ஒரு மேப்பிள் மரத்தை நாற்பது நிமிடம் சுற்றினேன். பற்றரி இறங்கிப் போன் நின்ற பிறகுதான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். விழுந்து கிடந்த ஒரு மரத்தண்டின் அடியில் ஏழெட்டுக் குச்சிகள் ஒரே நீளத்தில், ஒரே திசையில், பக்கத்தில் பக்கமாகக் கிடந்தன. காற்று குச்சிகளை அப்படிப் போடாது. விலக்கினால் பச்சை நாடா சுற்றிய பிளாஸ்டிக் டப்பா. அன்றிலிருந்து நான் தேடுவது டப்பாவை இல்லை, மனிதக் கை பட்ட அடையாளத்தை. ஒரு கல் மட்டும் பாசி இல்லாமல் இருக்கும், பட்டைத் துண்டு ஒன்று வேறு மரத்துடையதாக இருக்கும், வேலிக் கம்பத்தின் மூடி ஒன்று மட்டும் தளர்ந்திருக்கும்.

ஒரு விஷயம், எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பொந்துக்குள் கையை விடும் முன் குச்சியை விடுங்கள். நீளக் காற்சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் விடுங்கள். எங்கள் பக்கத்து ரூஜ் பள்ளத்தாக்கில் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இருக்கிறது. வெப்பம் 4 பாகை செல்சியஸுக்கு மேல் போனாலே அது நடமாடத் தொடங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்பக்கம், தலைமுடி எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரான சாவணத்தால் தோலோடு சேர்த்துப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் பூசுவது, நெருப்பால் சுடுவது எதுவும் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு.

பிரம்ப்டன்: காசு கட்ட வேண்டுமா?

வேண்டாம். இலவசக் கணக்கு போதும். கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டும் என்று சில டப்பாக்கள் இருக்கும், அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் சி:ஜியோ என்ற இலவசச் செயலியும் உண்டு.

மிசிசாகா: செயலியில் இருந்த எண்ணைப் பார்த்து வரைபடத்தில் போட்டேன். ஒன்டாரியோ ஏரிக்கு நடுவில் காட்டுகிறது. படகு வேண்டுமா?

படகு வேண்டாம். N 43° 46.512 என்பதை 43.46512 என்று போட்டிருப்பீர்கள். இந்த ஆட்டத்தில் எண்களைப் பாகை, அதன் பிறகு தசமத்தோடு நிமிடம் என்று எழுதுவார்கள். 46.512 என்பது நிமிடம், அதை 60ஆல் வகுத்தால் 0.7752. ஆகவே 43.7752 என்று போட வேண்டும். இந்த ஒரு தவறில் நீங்கள் ஸ்காபரோவிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தெற்கே, தண்ணீருக்குள் போய்விட்டீர்கள்.

அந்த மூன்றாவது தசம இலக்கத்தையும் அலட்சியமாக விடாதீர்கள். 0.001 நிமிடம் வடக்குத் தெற்காக 1.85 மீட்டர். கிழக்கு மேற்காக நம் ஊரில் 1.34 மீட்டர்தான்.

ஏஜக்ஸ், இரண்டு பிள்ளைகளின் தாய்: டப்பாவில் இருந்த பொருளைப் பிள்ளைகள் எடுக்கலாமா? மகன் எண் பொறித்த ஒரு உலோகத் தகட்டை எடுத்து வந்து சாவிக் கொத்தில் மாட்டியிருக்கிறான்.

பொம்மை, பளிங்குக் குண்டு, ஸ்டிக்கர் இவற்றை எடுக்கலாம் அக்கா. எடுத்தால் அதற்குச் சமமாகவோ மேலாகவோ ஒன்று வைக்க வேண்டும். இனிப்பு, வாசனைச் சோப்பு, மெழுகுதிரி எதுவும் வைக்காதீர்கள். ரக்கூன் மூடியைக் கடித்துத் திறந்துவிடும்.

ஆனால் அந்தத் தகடு பரிசு இல்லை. அது டிராவல் பக். அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அது ஊர் ஊராகப் போக வேண்டும் என்று அனுப்பியிருப்பார். மகனைத் திட்டாதீர்கள். தகட்டில் உள்ள எண்ணைத் தளத்தில் போட்டு, அது எங்கே புறப்பட்டு எந்தெந்த நாடு வழியாக வந்தது என்று அவனுக்கு வரைபடத்தில் காட்டுங்கள். பிறகு வேறொரு டப்பாவில் அவன் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள். செவ்வாயில் இருக்கும் பெர்சிவரன்ஸ் ஊர்தியிலும் இப்படி ஒரு எண் இருக்கிறது என்று சொன்னால் அவனே கொடுத்துவிடுவான். பிள்ளைகளோடு போகிறீர்கள், காலுறையை மறக்க வேண்டாம்.

ஒட்டாவா: இதற்கு மாதக் கட்டணம் எவ்வளவு?

பிரம்ப்டன்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

லண்டன்: பூங்காவில் புதருக்குள் தலையை விட்டு நிற்கிறேன். நம் நிறத்து ஆளைப் பார்த்து யாராவது பொலிஸைக் கூப்பிட்டால்?

நல்ல கேள்வி. நம்மில் பலர் மனதுக்குள் வைத்திருந்து கேட்காத கேள்வி. எனக்கும் ஒருமுறை நடந்தது. ஒரு பாலத்துக் கைப்பிடியின் அடியில் தடவிக்கொண்டிருந்தேன், இரண்டு அதிகாரிகள் வந்து நின்றார்கள். கையை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு, என்ன செய்கிறேன் என்று உண்மையைச் சொல்லி, செயலியைக் காட்டினேன். பத்து நிமிடம் கதைத்துவிட்டுப் போனார்கள். ஆட்டம் தெரியாதவர்களை மகிள் என்பார்கள், அவர்கள் கண்ணில் படாமல் எடுப்பதுதான் வழக்கம். ஆனால் யாராவது கேட்டால் மறைக்காதீர்கள், பொய் சொல்லாதீர்கள். ஓடுவது கூடவே கூடாது.

உங்கள் இங்கிலாந்திலேயே 2011இல் வெதர்பி என்ற ஊரில் ஒரு டப்பாவைக் குண்டு என்று நினைத்து, குண்டு செயலிழப்புப் பிரிவு வந்து வெடிக்க வைத்தது. அதனால் ரயில் நிலையம், பள்ளிக்கூட வாசல், அரச கட்டடம் பக்கத்தில் இருந்தால் தேடாமல் வந்துவிடுங்கள். பகலில் போங்கள். கையில் ஒரு குறிப்பேடு இருந்தால் நல்லது.

பிக்கரிங்: டப்பா மரத்தின் மேலே, நாலு மீட்டர் உயரத்தில் தொங்கியது. ஏறவில்லை. படம் எடுத்து, கண்டுபிடித்தேன் என்று தளத்தில் பதிந்தேன். வைத்தவர் என் பதிவை அழித்துவிட்டார். நியாயமா?

நியாயம்தான். தாளில் எழுதினால்தான் கண்டுபிடித்ததாகக் கணக்கு. விதியே அப்படித்தான். அந்த டப்பாவைப் பார்ப்பதில் கஷ்டம் எதுவும் இல்லை, ஏறி எடுப்பதற்குத்தான் அவர் நிலக் கடினம், அதாவது போய் எடுக்கும் சிரமம், ஐந்துக்கு நாலு என்று போட்டிருக்கிறார். அதை விட்டுவிட்டு வந்து எடுத்தேன் என்று சொல்ல முடியாது.

வாட்டர்லூ: நான் பிக்கரிங்காரர் பக்கம். பொழுதுபோக்குக்குப் போய் ஒரு தாளுக்காகக் கழுத்தை முறிக்க வேண்டுமா? படம் அதைவிட நல்ல சாட்சி.

கழுத்தை முறிக்கச் சொல்லவில்லை. ஏற முடியாவிட்டால் ஏறாதீர்கள், கண்டுபிடிக்கவில்லை என்று பதியுங்கள். அதில் வெட்கமே இல்லை. நான் நூற்றுக்கணக்கில் பதிந்திருக்கிறேன். அந்தப் பதிவுகளைப் பார்த்துத்தான் டப்பா தொலைந்துவிட்டதா என்று வைத்தவர் போய்ப் பார்ப்பார்.

ஆனால் சாட்சி என்று படத்தைச் சொன்னீர்கள், அங்கேதான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போன குளிர்காலம் டப்பாவாக வைத்திருந்த ஒரு பழைய தோட்டாப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த குறிப்பேட்டில் 2004இல் ஒருவர் பென்சிலால் எழுதியிருந்தார்: தன் மகளுக்கு அன்று ஆறு வயது, அவள்தான் கண்டுபிடித்தாள் என்று. கீழே கோணல் எழுத்தில் அவளுடைய பெயர். அந்தப் பக்கத்தில் சேறு பட்ட ஒரு சின்னப் பெருவிரல் அடையாளமும் இருந்தது. அவளுக்குப் பிறகு அதே பெட்டியைத் திறந்த அத்தனை பேரும் அந்தத் தாளைத் தொட்டிருக்கிறார்கள். நான் பனியில் முழங்காலிட்டு அதற்குக் கீழே எழுதினேன். படம் உங்கள் போனில் இருக்கும், போன் மாறினால் போய்விடும்.

மீண்டும் வாட்டர்லூ: சரி, தாள் நனைந்து கூழாகியிருந்தால்? டப்பாவே இல்லாமல் போயிருந்தால் நான் ஒன்றை வைத்துக் கையெழுத்துப் போட்டால் எல்லாருக்கும் உதவிதானே?

தாள் கூழாகியிருந்தால் படம் எடுத்து, நிலைமையை எழுதிப் பதியுங்கள், பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்வார்கள். உலர்ந்த தாள் ஒன்றைச் சேர்த்து வைத்தால் நன்றி சொல்வார்கள்.

இரண்டாவது விஷயம் உதவி இல்லை. டப்பா இல்லை என்பது உங்கள் முடிவு. நீங்கள் தவறான மரத்தடியில் தேடியிருக்கலாம். என் டப்பா ஒன்றுக்கு இப்படித்தான் நடந்தது. ஒருவர் கிடைக்கவில்லை என்று பக்கத்து மரத்தில் பிலிம் டப்பா ஒன்றைச் செருகிவிட்டுப் போனார். என்னுடையது பத்தடி தள்ளி அப்படியே இருந்தது. மூன்று மாதம் வந்த எல்லாரும் அவருடையதில் கையெழுத்துப் போட்டார்கள். வைத்தவரைக் கேட்காமல் வைக்காதீர்கள்.

சென்னை: இங்கே தொடங்க முடியுமா?

முடியும், எண்ணிக்கை குறைவு. போன் போதும். வெளிநாட்டு உறவினர் சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் கருவி கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். உங்களுக்கு உண்ணியைவிடப் பாம்பும் தேளும்தான். கைக்கு முன் குச்சி.

நோர்த் யோர்க்: அப்பாவுக்கு 72 வயது, சக்கர நாற்காலி. அவரையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாக. ஒவ்வொரு டப்பாவுக்கும் தேடல் கடினம், நிலக் கடினம் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை இரண்டு எண் இருக்கும். நிலக் கடினம் ஒன்று என்றால் சக்கர நாற்காலியில் போகலாம் என்று பொருள். ஒன்றரை என்றால் போக முடியாமல் இருக்கலாம், அந்த அரையைக் கவனியுங்கள். சக்கர நாற்காலிக் குறியும் போட்டிருக்கிறதா பாருங்கள். நீங்கள் முன்னால் ஓடிக் கண்டுபிடிக்காதீர்கள். அவர் இடத்தில் உட்கார்ந்து அவர் கண்ணுயரத்தில் தேடட்டும், பென்சில் அவர் கையில் இருக்கட்டும். பேனை வேண்டாம், குளிரில் மை எழுதாது.

விட்பி: நானே ஒன்று ஒளித்துவைக்க ஆசை. தோண்டிப் புதைக்கலாமா?

தோண்டக் கூடாது. முதலில் இருபது டப்பாவாவது கண்டுபிடியுங்கள். நிலத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா என்றால் அதன் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். வேறொரு டப்பாவிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பனி உருகும் மாதத்தில் போய்ப் பார்க்க உங்களால் முடியுமா என்று யோசித்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஹமில்டன்: மெட்டல் டிடெக்டர் எது நல்லது? இதற்குச் சந்தா உண்டா?

டிடெக்டர் வேறு பொழுதுபோக்கு. இங்கே மண்ணுக்குள் எதுவும் இல்லை. சந்தா பற்றி மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள் எல்லாரும், தயவுசெய்து மேலே படியுங்கள்.

மீண்டும் பிக்கரிங்: யோசித்துப் பார்த்தேன் அண்ணா. அழித்த பதிவுக்குப் பதிலாக, கண்டுபிடிக்கவில்லை என்று நானே புதிதாகப் பதிந்துவிட்டேன். வைத்தவர் உடனே எழுதியிருக்கிறார், மரத்தின் மறுபக்கம் கிளை தாழ்வாக இருக்கிறதாம். திரும்பப் போகலாமா?

போகலாம், தனியாக வேண்டாம். ஏறுகிறவருக்குக் கீழே ஒருவர் நிற்க வேண்டும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் வருகிறேன், ஏணியும் பென்சிலும் என்னிடம் இருக்கின்றன. நீங்கள் காலுறையை நீளமாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.